சோச்சோ மொழி: 847 பேர் என்றால் உண்மையில் எத்தனை பேர்?

இரவல்பேனா (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களே, வேலை நிமித்தமாக ஒன்றரை வருடமாக மெக்சிகோவின் புவெப்லா நகரத்தில் இருக்கிறேன். போன மாதம் தொடர்ந்து மூன்று நாள் விடுமுறை வந்தது, கூட வேலை பார்க்கிற ஒருவரோடு காரில் வஹாகாவுக்குக் கிளம்பினேன். சுங்கச்சாலைதான். முதலில் ஆளுயரத்தைவிடப் பல மடங்கு உயர்ந்த கள்ளிகள் தூண் தூணாக நிற்கிற காடு, அப்புறம் சாலை மெல்ல மலையேறுகிறது, ஏறினால் மரம் குறைந்துகொண்டே போய் யாரோ கரண்டியால் வழித்து எடுத்த மாதிரி சிவப்பு மண் மேடுகள் மட்டும் கிடக்கின்றன. கோய்ஸ்ட்லவாக்கா என்ற பலகை வந்ததும் அவர் வண்டியைத் திருப்பினார். "அம்மா ஊர்ப்பக்கம், ஒரு சர்ச் இருக்கிறது, பார்த்துவிட்டுப் போவோம்" என்றார்.

சின்ன ஊர், ஆனால் சர்ச்சோ மாநகரத்துக்குக் கட்டியது மாதிரி. முகப்பில் 1576 என்று செதுக்கியிருக்கிறது. பக்கத்தில் கூரை போன திறந்தவெளி வழிபாட்டிடம் ஒன்று, அதுவும் பிரம்மாண்டம். அவ்வளவு பெரிய முற்றத்தில் எங்களைத் தவிர ஒரு நாயும் ஒரு தாத்தாவும்தான்.

இந்த ஊர்ப் பெயர் என்ன பாஷை என்று கேட்டேன். நவாட்ல் என்றார், அஸ்டெக் காரர்கள் வைத்த பெயர், பாம்புகளின் சமவெளி என்று அர்த்தமாம். அப்படியானால் உங்கள் பாஷை என்ன என்றேன். "பாட்டி சோச்சோ பேசுவார். அம்மாவுக்குப் புரியும், பேசமாட்டார். எனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. அது மொழி இல்லை, தியாலெக்டோ, வெறும் வட்டார வழக்கு" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து தேடினால் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த மொழியைப் பேசுகிறவர்கள் 847 பேர். பன்னிரண்டு கோடிக்கு மேல் மக்கள் உள்ள நாட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்துவிடலாம். எனக்கு இரண்டு கேள்வி: இவ்வளவு பெரிய சர்ச் கட்டுகிற அளவுக்கு வசதியாக இருந்த ஊரின் மொழி எப்படி இந்த நிலைக்கு வந்தது? இனி ஏதாவது செய்ய முடியுமா, செய்யத்தான் வேண்டுமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெங்கலக்கிண்ணி

தலைப்பைப் பார்த்து சாக்லேட் பற்றிய இழை என்று ஓடி வந்தேன். சரி, வந்ததற்கு உட்கார்ந்து படிக்கிறேன்.

ஏட்டுச்சுரைக்காய்

பேனா, நல்ல இழை. நான் அந்தப் பக்கம் போனதில்லை, புத்தகம் படித்துப் பேசுகிற ஆள்தான், என் பெயரைப் பார்த்தாலே தெரியும்.

முதலில் பெயர் விவகாரம். சோச்சோ என்பது அந்த மக்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் இல்லை. காலனியக் கால ஏடுகளில் சுச்சோன், சுச்சோனா என்று வரும். ஸ்பானியத்தில் சோச்சோ என்றால் வயதாகிப் புத்தி தடுமாறிய கிழம் என்று பொருள். ஸ்பெயின் நாட்டுக் கொச்சையில் இதைவிட மோசமான பொருள் ஒன்று உண்டு, அதை எழுதினால் திண்ணைக்காரர் என்னை வெளியே தள்ளிவிடுவார். இப்போது அரசு ஏடுகளில் சோச்சோல்டெக்கோ என்று போடுகிறார்கள். அவர்கள் தங்கள் மொழியைச் சொல்வது ங்கிவா, அல்லது ஊரைப் பொறுத்து ங்கிபா.

அஸ்டெக் காரர்களின் நவாட்ல் மொழிக்கு இவர்கள் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. இது ஓட்டோமாங்கே என்ற பெரிய குடும்பம். அதற்குள் ஒரு கிளையில் நான்கு உறவுகள்: சோச்சோ, போபோலோக்கா, இஸ்காடெக், மசாடெக். பக்கத்து வீட்டு மிஸ்டெக் மொழியும் அதே பெரிய குடும்பம்தான், ஆனால் வேறு கிளை. இந்த மலைப்பகுதிக்கே மிஸ்டெக் பெயரை வைத்து மிஸ்தேகா ஆல்டா என்று சொல்வதால் வெளியாள் எல்லோரையும் மிஸ்டெக் என்றே நினைத்துவிடுகிறான்.

போபோலோக்கா என்ற பெயரும் ஒரு வசவுதான். நவாட்ல் பேசியவர்கள் "புரியாமல் உளறுகிறவர்கள்" என்று யாரையெல்லாம் நினைத்தார்களோ அவர்களுக்கெல்லாம் அந்தப் பெயரை ஒட்டிவிட்டார்கள். வெராக்ரூஸ் பக்கம் போபோலூக்கா என்று இன்னொரு கூட்டம் உண்டு, அவர்கள் மொழிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 1580-இல் பர்தொலோமே ரோல்டான் என்ற டொமினிக்கன் சபைத் துறவி ஒரு ஞானோபதேச நூலை அச்சிட்டார், அதில் மொழியின் பெயர் "சுச்சோனா" என்று இருக்கும், ஆனால் அது தெபெஷி என்ற ஊரின் பேச்சு, இன்றைய வகைப்பாட்டில் போபோலோக்கா. ஸ்பானியர்கள் இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிட்டார்கள். பழைய ஏடுகளில் எண்ணிக்கை தேடுகிறவர்கள் இந்தக் கூடைக் குழப்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெங்கலக்கிண்ணி

ஐயா, ங்கிவா என்று எழுதியிருக்கிறீர்களே, தமிழில் ஒரு சொல் ங் என்ற மெய்யில் ஆரம்பிக்கலாமா? என் போனின் விசைப்பலகையே மறுக்கிறது. ஙிவா என்று எழுதினால் என்ன? அரிச்சுவடியில் ஙா, ஙி, ஙீ என்று கத்திப் படித்ததோடு சரி, இத்தனை வருடத்தில் அந்த எழுத்துக்கு ஒரு வேலை கிடைக்கட்டுமே.

ஏட்டுச்சுரைக்காய்

கிண்ணி, ஆசை நல்ல ஆசைதான். ஆனால் மூக்கொலிக்குப் பின்னால் ஒரு க ஒலி கேட்கிறது, சங்கு என்பதில் வருகிற ங்க போல. ஸ்பானிய முறையில் எழுதும்போது நடுவில் இன்னொரு க மாதிரி தெரியும், அது வ-வுக்காக ஸ்பானியத்தில் போடுகிற எழுத்து. அதனால் ங்கிகுவா இல்லை, ங்கிவா. இலக்கணம் கோபித்துக்கொண்டால் நான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

பனையோலை

பேனாவின் முதல் கேள்விக்கு வருகிறேன். அந்த சர்ச் ஏன் அவ்வளவு பெரிது என்பதற்கு அதற்கு நூறு வருடம் முன்னால் போக வேண்டும்.

கோய்ஸ்ட்லவாக்கா அந்தக் காலத்தில் சாதாரண ஊர் இல்லை. மெக்சிகோ பள்ளத்தாக்கிலிருந்து தெற்கே போகிற வணிக வழியில் பெரிய சந்தை ஊர். தங்கம், இறகு, பருத்தி, அப்புறம் கோச்சினீல், அதாவது சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வளர்கிற ஒரு சின்னப் பூச்சியைக் காயவைத்து எடுக்கிற சிவப்புச் சாயம். அந்த ஊரை ஆண்டவன் பெயர் அடோனால். மெக்சிகா, அதாவது அஸ்டெக், வணிகர்களை அந்தச் சந்தையில் கொன்றுவிட்டார்கள் என்று காரணம் சொல்லி அவர்கள் அரசன் முதலாம் மொக்டெசூமா 1450-களின் பின்பகுதியில் படையனுப்பினான். காரணம் உண்மையோ சாக்கோ, அந்தச் சந்தை யாருக்குத்தான் வேண்டாம்? அடோனால் தோற்றான், கழுத்தில் கயிறு இறுக்கிக் கொல்லப்பட்டான். மெண்டோசா கோடக்ஸ் என்ற ஓவிய ஏட்டில் கழுத்தில் கயிற்றோடு அவனை வரைந்தே வைத்திருக்கிறார்கள். அதே ஏட்டில் அந்த மாகாணம் கட்ட வேண்டிய கப்பத்தின் பட்டியலும் இருக்கிறது: துணி, பச்சைக்கல் மணி, இறகு, தங்கத்தூள், கோச்சினீல் மூட்டைகள்.

ஸ்பானியர்கள் வந்ததும் அதே வளத்தின்மேல் டொமினிக்கன் துறவிகள் உட்கார்ந்தார்கள். சாயத்தோடு பட்டும் சேர்ந்தது. ஆம், பட்டுப்பூச்சி வளர்ப்பு. பக்கத்து ஊர் டெஹூபானின் 1550 முதல் 1564 வரையான கணக்குப் புத்தகம் ஒன்று இன்றும் இருக்கிறது, பாதி படம் பாதி எழுத்து, பட்டு விற்று வந்த காசை சர்ச் சாமானுக்கும் திருவிழாச் சாப்பாட்டுக்கும் செலவழித்ததை அதில் பார்க்கலாம். நீங்கள் பார்த்த கட்டடத்தை இந்தப் பொருளாதாரம்தான் எழுப்பியது. 1576 என்று சொன்னீர்களே, அந்த வருடம்தான் பெரிய கொள்ளைநோய் ஒன்றும் ஆரம்பித்தது. அதற்கு முன் 1545-இல் ஒன்று. இரண்டும் சேர்ந்து மெக்சிகோ முழுக்க ஊர் ஊராகக் காலி செய்தன. கட்டி முடித்த முற்றத்தை நிரப்ப ஆள் இல்லாமல் போனது இன்று நேற்று நடந்ததில்லை.

இன்னொன்று, இந்த மக்கள் எழுதத் தெரியாதவர்கள் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. துறவிகளிடம் கற்ற எழுத்தை வைத்து உயில், கணக்கு, சொத்து விவகாரம் எல்லாவற்றையும் தங்கள் மொழியிலேயே எழுதினார்கள். மைக்கேல் ஸ்வான்டன், செபாஸ்டியன் வான் டூஸ்பர்க் போன்ற ஆய்வாளர்கள் அந்த ஏடுகளில் பல வருடம் வேலை செய்திருக்கிறார்கள். சட்டப்படி செல்லுபடியான பத்திரம் எழுதிய மொழி, பேனாவின் நண்பருக்கு இன்று தியாலெக்டோ!

ரொறன்ரோத்தூறல்

ஓலை அண்ணை எழுதியதை வாசித்ததும் ஒன்று சொல்லவேண்டும்போல இருந்தது. அந்தக் காலத்தில் இவர்கள் பருத்தித் துணியைத் தைத்துப் பெரிய பெரிய படங்கள் வரைந்தவை. லியென்சோ என்று சொல்லுவினம். யார் யாருக்குப் பிறந்தது, எந்த ஊர் எல்லை எது, எந்த அரசன் எங்கேயிருந்து வந்தது எல்லாம் ஒரே துணியில். அதில் ஒன்று, ட்லபில்டெபெக் என்ற ஊரினுடையது, இங்கே ரொறன்ரோவில் ரோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ நாலு மீட்டர் நீளம். நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன், ஆனால் அந்தக் கட்டடத்தைக் கடந்துதான் கிழமைக்கு ஐந்து நாள் வேலைக்குப் போகிறேன். இன்னொன்று பெர்லினில், இன்னொன்று நியூயோர்க் புரூக்ளினில். ஊரின் காணி உறுதிகள் மூன்று நாட்டு அலுமாரிகளில் கிடக்கின்றன. காணி உறுதி தொலைந்த ஆட்கள் எங்களுக்கு அது என்ன மாதிரி இருக்கும் என்று தெரியும், அதற்குமேல் சொல்ல விருப்பமில்லை.

ராத்திரிஷிப்ட்

எல்லோரும் கண்ணீர் விடுகிற நேரத்தில் குறுக்கே பேசுகிறேன், கோபப்படாதீர்கள். 1450 கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பேனாவின் நண்பருடைய அம்மா பிள்ளைக்குச் சோச்சோ சொல்லித்தரவில்லை என்றால் அவர் முட்டாள் இல்லையே? ஸ்பானியம் தெரிந்தால் வேலை, கோர்ட், ஆஸ்பத்திரி, பஸ் டிக்கெட். சோச்சோ தெரிந்தால் என்ன? ஒரு அம்மா தன் பிள்ளை பிழைக்க வேண்டும் என்று எடுத்த முடிவை, ஏசி அறையில் இருக்கிற நாமும் ரொறன்ரோவில் இருக்கிற நீங்களும் பாரம்பரியம் போச்சே என்று குறை சொல்வது கொஞ்சம் ஓவர். உலகத்தில் மொழிகள் வரும், போகும். அந்த 847 பேருக்கு முதலில் தண்ணீரும் வேலையும் கொடுங்கள்.

ஏட்டுச்சுரைக்காய்

ஷிப்ட், அந்த அம்மாவை இங்கே யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் "முடிவு எடுத்தார்" என்று நீங்கள் சொல்வதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

1911-இல் மெக்சிகோவில் ஆரம்பக் கல்விக்கு ஒரு சட்டம் போட்டார்கள், பழங்குடிப் பிள்ளைகளுக்கு முதன்மையாக ஸ்பானியம் பேசவும் எழுதவும் கற்றுத்தருவதே அதன் நோக்கம். புரட்சி முடிந்து 1921-இல் கல்வி அமைச்சகம் வந்தது, கிராமத்துக்குக் கிராமம் பள்ளிக்கூடம் வந்தது. நல்ல மனிதர்கள் பலர் அதில் வேலை செய்தார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் கொள்கை என்னவென்றால் ஒரே நாடு, ஒரே மொழி. வகுப்பில் தன் மொழி பேசின பிள்ளைக்கு அடியும் அவமானமும் கிடைத்ததை மெக்சிகோவின் எந்தப் பழங்குடி வட்டாரத்தில் கேட்டாலும் தாத்தா பாட்டிகள் சொல்வார்கள். அடி வாங்கின தலைமுறைதான் பிறகு அப்பா அம்மா ஆனது. அடி வாங்கினதைப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடாது என்று நினைத்தார்கள். இதை முடிவு என்று சொல்லலாம், ஆனால் அந்த முடிவை எடுக்கவைத்த கை வேறு யாருடையதோ.

இன்னொன்று, "ஸ்பானியமா சோச்சோவா" என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்பதே பொய்க்கணக்கு. அதே வட்டாரத்தில் 16-ஆம் நூற்றாண்டில் ஒரே ஊருக்குள் சோச்சோ, மிஸ்டெக், நவாட்ல் மூன்றும் புழங்கின. சந்தை ஊரில் இரண்டு மூன்று மொழி தெரிவது அன்றைக்குப் பெரிய திறமையே இல்லை. இரண்டு மொழி தெரிந்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்ற பயத்தை வெளியிலிருந்துதான் கொண்டுவந்து வைத்தார்கள்.

பனையோலை

தண்ணீர் என்று ஷிப்ட் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, அது மொழிக்கு வெளியே இருக்கிற விஷயமும் இல்லை. அந்தச் சிவப்பு மேடுகளைப் பேனா பார்த்தாரே, உலகத்திலேயே மிக மோசமாக மண் அரித்துப்போன இடங்களில் மிஸ்தேகா ஆல்டா ஒன்று. பழைய மக்கள் ஓடைக்குக் குறுக்கே கல்லணை கட்டி, மழையோடு வருகிற வண்டலைப் பிடித்து, படிப்படியாக வயல் உண்டாக்கினார்கள். லாமா போர்தோ என்று பெயர். அந்த வேலைக்கு ஆள் வேண்டும், வருடா வருடம் பராமரிக்க வேண்டும். கொள்ளைநோயில் ஆள் போனதும் அணைகள் உடைந்தன, பிடித்துவைத்த மண்ணெல்லாம் அடித்துக்கொண்டு போனது. ஸ்பானியர்கள் கொண்டுவந்த ஆடுகள் மிச்சத்தை மேய்ந்தன, சுண்ணாம்புச் சூளைக்கும் அடுப்புக்கும் மரம் போனது.

நிலம் போனதும் பனைவகை ஓலையில் தொப்பி பின்னுகிற தொழில்தான் மிச்சம். ஓலை காய்ந்தால் முறிந்துவிடும் என்று அந்தப் பக்கத்து ஊர்களில் ஈரம் தங்குகிற குகைகளில் உட்கார்ந்து பின்னுவார்கள், பக்கத்து இஸ்காட்லானில் இன்றும் உண்டு. தொப்பிக்குக் கிடைக்கிற காசு ஓலைக்குக்கூடப் போதாது என்கிற நிலைமை. 1942-இலிருந்து அமெரிக்காவுக்கு ஒப்பந்தக் கூலிகளை எடுக்கிற பிரசேரோ திட்டம் வந்தது, மெக்சிகோ சிட்டியில் ஆலைகள் வந்தன. இளவட்டம் கிளம்பிவிட்டது. குகைக்குள் உட்கார்ந்து ஓலை பின்னிக்கொண்டே பேசுகிற பேச்சு இருக்கிறதே, பேசுவதற்கு மணிக்கணக்கில் நேரமும் கேட்கிறதற்குப் பிள்ளைகளும் இருந்த இடம் அது. அந்தப் பிள்ளைகள் பஸ் ஏறியதும் பேச்சும் ஏறிவிட்டது.

வண்டிச்சத்தம்

இந்த வட்டாரம் எவ்வளவு காலியாகிவிட்டது என்பதற்கு ஒரே ஒரு எண். கோய்ஸ்ட்லவாக்கா மாவட்டத்தில் சான்டா மக்தலேனா ஹிகோட்லான் என்று ஒரு நகராட்சி. அங்கே நகராட்சி என்றால் தனித் தலைவர், தனி மன்றம், எல்லாம் உண்டு. 2020-இல் மொத்த மக்கள் 81 பேர். மெக்சிகோவிலேயே மிகக் குறைந்த மக்கள் உள்ள நகராட்சி. எங்கள் தெருவில் ஒரு அபார்ட்மெண்டில் இதைவிட அதிகம்.

வஹாகா மாநிலத்தில் 570 நகராட்சி. அதில் 400-க்கும் மேல் கட்சித் தேர்தல் இல்லாமல் ஊர் வழக்கப்படி சபை கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊர்ப்பொறுப்பு முறை வைத்து வருகிறது, வெளியூரில் இருப்பவனும் திரும்பி வந்து செய்யவேண்டும், இல்லையென்றால் ஊரில் பேச்சுரிமை போகும். எனக்கு ஒரு சந்தேகம்: இந்த வழக்கம் இவ்வளவு பிடிவாதமாக உயிரோடு இருக்கிறது, மொழி மட்டும் ஏன் போய்விட்டது?

ஏட்டுச்சுரைக்காய்

வண்டி, நல்ல கேள்வி, என்னிடம் இருப்பது ஊகம்தான். சபை கூடாமல் ஊர் நிலத்தைக் காப்பாற்ற முடியாது, அதனால் சபை நின்றது. சபை ஸ்பானியத்தில் கூடினாலும் நிலம் நிலம்தான். மொழியை விட்டால் மறுநாள் காலையில் எதுவும் குறையாது, குறைவது இரண்டு தலைமுறை கழித்துத்தான் தெரியும்.

ரொறன்ரோத்தூறல்

சுரைக்காய் அண்ணை, கடைசி வரியை வாசித்துவிட்டு என் இரண்டாவது மகளைப் பார்த்தேன். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள். பேனாவின் நண்பருடைய அம்மாவும் அதே படிதான், விளங்கும் ஆனால் கதைக்கமாட்டார். ஆனால் எங்களுக்குப் பின்னால் கோடிக்கணக்கான ஆட்கள் இருக்கினம், அந்த அம்மாவுக்குப் பின்னால் யார்?

திண்ணைக்காரர் (மட்டுறுத்துநர்)

தூறல், உங்கள் வருத்தம் புரிகிறது. இதற்குப் பின்னால் "நம் தமிழ் எவ்வளவு பழையது தெரியுமா" என்று மூன்று பதிவுகள் வந்தன, மூன்றையும் வேறு இழைக்கு நகர்த்திவிட்டேன். இங்கே சோச்சோ மட்டும்.

வண்டிச்சத்தம்

847 என்ற எண்ணைப் பற்றி. கணக்கெடுப்பில் கேட்கிற கேள்வியே "ஏதாவது தியாலெக்டோ அல்லது பழங்குடி மொழி பேசுகிறாரா" என்பதுதான். தியாலெக்டோ என்ற சொல்லை அரசாங்கமே கேள்வித்தாளில் வைத்திருக்கிறது! வைக்காவிட்டால் பல பேருக்குக் கேள்வி புரியாது என்பது அவர்கள் தரப்பு. மூன்று வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் வீட்டில் இருக்கிற யாரோ ஒருவர் பதில் சொல்கிறார். வெட்கப்பட்டு "இல்லை" என்பவரும் உண்டு, பத்து வார்த்தை தெரிந்துகொண்டு பெருமையாக "ஆம்" என்பவரும் உண்டு.

இஸ்காடெக் என்ற தங்கச்சி மொழியைப் பாருங்கள், கணக்கெடுப்பில் 195 பேர். ஊருக்குள் போய் வருடக்கணக்கில் உட்கார்ந்து வேலை செய்த மொழியியலாளர்கள் சரளமாகப் பேசுகிறவர்கள் பத்துப் பேர்கூட இல்லை என்கிறார்கள். அதே விகிதம் சோச்சோவுக்கும் என்று நான் சொல்லவில்லை, சான்டா மரியா நாடிவிடாஸ் போன்ற ஊர்களில் பேச்சு இன்னும் கேட்கிறது. ஆனால் 847-ஐ 847 வாயாக எண்ணாதீர்கள்.

ராத்திரிஷிப்ட்

எண் விஷயத்தில் வண்டிக்கு ஓட்டுப் போடுகிறேன். பத்திரிகைகளுக்கும் இதில் பங்கு உண்டு. மெக்சிகோவின் தபாஸ்கோ மாநிலத்தில் அயாபா என்ற ஊரின் மொழி ஞாபகம் இருக்கிறதா? "உலகத்தில் கடைசியாகப் பேசுகிற இரண்டு பேர், அவர்களும் சண்டை போட்டுக்கொண்டு பேசுவதில்லை" என்று உலகம் முழுக்க ஓடியது, ஒரு கைபேசி நிறுவனம் அதை வைத்து விளம்பரமே எடுத்தது. அப்புறம் பார்த்தால் பேசுகிறவர்கள் வேறு சிலரும் ஊரில் இருந்தார்கள், சண்டைக் கதையும் ஊதிப் பெருக்கியது. 2020 கணக்கெடுப்பில் 71 பேர் அந்த மொழி பேசுவதாக வருகிறது. கடைசிக் கிழவர் என்றால்தான் இவர்கள் கேமராவைத் தூக்குவார்கள், எழுபது பேர் மிச்சம் என்றால் செய்தி இல்லை.

வெங்கலக்கிண்ணி

மொழி எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவே இல்லையே. கேட்டால் எப்படிக் கேட்கும்?

ஏட்டுச்சுரைக்காய்

தொனி மொழி. அதாவது ஒரே அசையை உயர்த்திச் சொன்னால் ஒரு சொல், தாழ்த்திச் சொன்னால் வேறு சொல். மூக்கால் சொல்கிற உயிரெழுத்துகளும் உண்டு. வாக்கியத்தில் வினை முதலில் வரும், நாம் கடைசியில் வைப்பதை அவர்கள் வாசலிலேயே வைத்துவிடுவார்கள். கரோல் மாக் என்ற மொழியியலாளர் சான்டா கத்தரீனா ஒகோட்லான் ஊர்ப் பேச்சை வைத்து 1977-இல் எழுதிய நூல் இந்த மொழியைப் பற்றிய முக்கியமான விவரணைகளில் ஒன்று.

இதன் உறவான மசாடெக்கில் தொனியை மட்டும் எடுத்து விசிலடித்தே பேசுவார்கள், மலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பேரம்கூட நடக்கும். 1948-இலேயே ஜார்ஜ் கவன் இதை எழுதியிருக்கிறார். அதே மசாடெக்கில் நம் நாம்-நாங்கள் வித்தியாசமும் உண்டு, கேட்பவரைச் சேர்த்து ஒன்று, விட்டுவிட்டு ஒன்று. ஸ்பானியத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். உடனே தொடர்பு கண்டுபிடிக்காதீர்கள், உலகத்தில் பல மொழிகளில் இருக்கிறது.

பனையோலை

தொடர்பு வேண்டும் என்றால் மிளகாய் இருக்கிறதே. பேனா கள்ளிக்காட்டைக் கடந்தாரே, அது தெஹுவாக்கான் பள்ளத்தாக்கு. ஓட்டோமாங்கே குடும்பத்தின் மூத்த மொழியை அந்தப் பள்ளத்தாக்கை ஒட்டித்தான் ஆய்வாளர்கள் வைக்கிறார்கள். மிளகாயை முதலில் பழக்கியதும் மெக்சிகோவின் அந்தக் கிழக்கு-நடுப் பகுதியில் என்றுதான் சான்றுகள் காட்டுகின்றன. போர்த்துகீசியக் கப்பலில் அது நம் சாம்பாருக்கு வந்தது. அவர்கள் சொல் வரவில்லை, காய் மட்டும் வந்தது.

ராத்திரிஷிப்ட்

சரி, என் பழைய கேள்விக்கு வருகிறேன். அடித்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். மண் போனது, ஒப்புக்கொள்கிறேன். இன்றைக்கு யாரும் அடிக்கவில்லை, சட்டமும் இருக்கிறது. அப்படியும் பிள்ளைகள் பேசவில்லையே, என்ன செய்வதாக உத்தேசம்?

வண்டிச்சத்தம்

சட்டம் இருக்கிறது, ஜோராக இருக்கிறது. 2003-இல் பழங்குடி மக்களின் மொழியுரிமைச் சட்டம் வந்தது, பழங்குடி மொழிகள் எல்லாம் ஸ்பானியம் மாதிரியே தேசிய மொழிகள் என்றது. 2008-இல் வந்த அரசுப் பட்டியலில் 68 மொழிகள், 364 வகைகள். அதில் சோச்சோவுக்கே மூன்று வகை: மேற்கு, கிழக்கு, தெற்கு. எண்ணூறு பேருக்கு மூன்று! எழுத்து எப்படி எழுதுவது, எந்த ஊர்ப் பேச்சைப் பாடமாக வைப்பது என்று ஆரம்பித்தால் கூட்டம் எங்கே முடியும் என்று நீங்களே யோசியுங்கள். பக்கத்து ஊர் உச்சரிப்பில் பாடம் வந்தால் "இது எங்கள் பேச்சு இல்லை" என்று பாட்டியே ஒதுங்கிவிடுவார்.

எனக்கு ஓரளவு நம்பிக்கை தருவது "மொழிக்கூடு". நியூசிலாந்து மாவோரிகள் 1982-இல் தொடங்கியது: பள்ளிக்குப் போகாத குழந்தைகளைப் பாட்டி தாத்தாக்களோடு விட்டுவிடுவது, அங்கே தாய்மொழி மட்டும். பாடம் இல்லை, பரீட்சை இல்லை, சமையல், விளையாட்டு, தூக்கம். வஹாகாவின் பழங்குடி ஆசிரியர்கள் கூட்டமைப்பு ஒன்று 2008-இல் அங்கே இதைத் தொடங்கியது, பல மொழிகளில் பரவியது. கூட்டுக்கு இரண்டு பொருள் வேண்டும்: பாட்டி, குழந்தை. சோச்சோ ஊர்களில் பாட்டி இருக்கிறார். ஹிகோட்லானில் குழந்தைக்கு எங்கே போவது?

ராத்திரிஷிப்ட்

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். குழந்தைகள் மெக்சிகோ சிட்டியில் இருக்கின்றன. கூட்டை அங்கே கட்டுங்கள். மலையில் நினைவுச்சின்னம் மாதிரி பள்ளிக்கூடம் திறந்து படம் எடுக்கவேண்டாம்.

ஏட்டுச்சுரைக்காய்

ஷிப்ட், காலையில் "செத்தால் சாகட்டும்" என்றீர்கள், இப்போது இடமே பார்த்துக் கொடுக்கிறீர்கள்!

ராத்திரிஷிப்ட்

செத்தால் சாகட்டும் என்று சொல்லவில்லை. கேள்வி கேட்டேன். தூக்கம் வருகிறது, போகிறேன்.

இரவல்பேனா

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் இந்தப் பக்கம் வரமுடியவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் நண்பரிடம் பேச்சை எடுத்தேன். உங்கள் மொழிக்கு ங்கிவா என்று பெயராமே என்றேன். அவர் அந்தச் சொல்லையே கேட்டதில்லையாம், எந்தத் தளத்தில் படித்தாய் என்று சிரித்தார். சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லையாம். அப்புறம் "அதை உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டாராம். ஓர் இந்தியன் சொன்னான் என்றதும் நம்பவில்லை. அதோடு விடவில்லை, நான் சொன்ன உச்சரிப்பை இவர் திருப்பிச் சொல்ல, அப்படி இல்லை என்று மூன்று தடவை திருத்தியிருக்கிறார். இவருக்கு மூன்றும் ஒன்றாகத்தான் கேட்டதாம். இன்று காலை அலுவலகத்துக்கு வந்ததும் முதல் வேலையாக அதை என்னிடம் சொல்லிக்காட்டினார், எனக்கும் ஒன்றாகத்தான் கேட்டது.

திண்ணைக்காரரே, ஒரு வேண்டுகோள். தலைப்பில் சோச்சோ என்பதை எடுத்துவிட்டு ங்கிவா என்று போடமுடியுமா? கிழம் என்கிற பெயரில் அவர்களைப் பற்றிப் பேசுவது இப்போது கூச்சமாக இருக்கிறது.

திண்ணைக்காரர் (மட்டுறுத்துநர்)

பேனா, முயற்சி செய்தேன். தளத்தின் தேடுபொறி ங் என்ற மெய்யில் தொடங்குகிற சொல்லைப் பிழை என்று தள்ளிவிடுகிறது. அதுவும் போக, ங்கிவா என்று யாரும் தேடமாட்டார்கள், இழை தொலைந்துவிடும். "சோச்சோ மொழி (ங்கிவா)" என்று இரண்டும் வைக்கலாமா?

வெங்கலக்கிண்ணி

ஙிவா என்று போட்டிருந்தால் தேடுபொறி எடுத்துக்கொண்டிருக்கும். யாராவது கேட்டீர்களா?

இரவல்பேனா

கிண்ணி, அம்மா திருத்தினதில் நீங்கள் சொன்னதும் ஒன்றாக இருக்கலாம், எங்கள் இருவர் காதுக்கும் தெரியவில்லை. திண்ணைக்காரரே, இரண்டையும் வையுங்கள், ஆனால் ங்கிவா முன்னால், சோச்சோ அடைப்புக்குள். தேடுபொறியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.